கொல்லைச் சுவரில் பென்சில் கோடு

மட்டாஞ்சேரி
14-6-1977

அக்காவுக்கு,

நமஸ்காரம் என்று எழுதிவிட்டேன், எடுத்துக்கொள். இந்தக் கடிதத்தில் அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதே.

நீ இங்கிருந்து நாக்பூருக்கு வண்டியேறி மூன்று மாதம் ஆகிறது. ஒரு கார்டு கிடையாது. அத்திம்பேரிடம் நடந்ததையெல்லாம் உன் விதத்தில் சொல்லியிருப்பாய். என் விதத்தையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அவரும் படிக்கட்டும்.

போன கார்த்திகையில் எனக்கு வலது மார்பை எடுத்தார்கள். தந்தி கண்டதும் நீ ஓடி வந்தாய். நாலு மாதம் என் எச்சில் தட்டு வரைக்கும் எடுத்தாய். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் எப்படிச் செய்தாய்? என் மூன்று பிரசவத்துக்கும் செய்தாயே, அதையே அச்சுக் குலையாமல் செய்தாய். அங்காயப் பொடி, பூண்டு, லேகியம், காதில் பஞ்சு. பாயை விட்டு எழுந்தால் ஒரு அதட்டல். கை அசையக் கூடாது என்று இவருடைய பழைய மல்வேஷ்டியைக் கிழித்து, கையை உடம்போடு சேர்த்துக் கட்டினாய். தையல் பிரிக்க வந்த கம்பவுண்டர் போனதும் மறுபடி கட்டினாய். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. அம்மா போன பிறகு யார் என்னை அப்படிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள், உன்னை விட்டால்?

மாசியில் ஏலியாம்மா டாக்டரிடம் காட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். நெஞ்சு மட்டத்துக்கு மேல் வரவில்லை. நான் போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "எந்தா கமலாக்ஷியம்மே, ஞான் தந்ந கடலாஸ் எவிடெ? ஒந்நும் செய்தில்லே?" என்று கேட்டாள். என்ன கடலாஸ் என்றேன். வீட்டுக்கு அனுப்பும்போது சேச்சியின் கையில், அதாவது உன் கையில், கொடுத்தாளாம். படம் போட்ட காகிதம். இன்ன நாளில் விரலை மூடித் திற, இன்ன நாளில் சுவரில் விரலால் ஏறு, தினமும் நட என்றெல்லாம் எழுதினது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ போய் குருவாயூரப்பன் படத்துக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து வந்தாய். "படிச்சேன். பிடிக்கலை. வெச்சுட்டேன்" என்றாய். மூன்றே வார்த்தை. அப்போதுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். மறுநாள் காலை காப்பிகூடக் குடிக்காமல் படகுத்துறையில் போட்டைப் பிடித்துப் போய்விட்டாய்.

இப்போது என் நிலைமையைக் கேள். எனக்கு நாற்பத்துநாலு வயது. என் தலையை நான் பின்னிக்கொள்ள முடியாது. பெண் ஆனந்தம் எர்ணாகுளம் காலேஜுக்கு போட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறாள். ரவிக்கை போட இன்னொருத்தர் வேண்டும். மடிப் புடவையைக் கோலால் கொடியில் ஏற்ற முடியவில்லை; இவர் ஏற்றுகிறார். அவர் ஏற்றி நான் உடுத்திச் சமைத்தால் அது என்ன மடி? டாக்டர், "வைகிப்போயி, எந்நாலும் செய்யணும்" என்கிறாள். நாள் கடந்துவிட்டதாம்; இனிமேல் செய்தால் வரலாம், வராமலும் போகலாமாம்.

உன்னை வா என்று கூப்பிட எழுதவில்லை. தெரிந்துகொள் என்று எழுதுகிறேன். தோள்தான் போயிற்று, விரல் இன்னும் எழுதுகிறது.

கமலாக்ஷி


நாக்பூர்
2-7-1977

கமலுவுக்கு ஆசீர்வாதம்.

கோபத்தில் செய்யும் ஆசீர்வாதம் பலிக்காது என்பார்கள். பலித்தால் உன் அதிர்ஷ்டம்.

நீ எழுத மாட்டேன் என்ற சொல்லை நான் எழுதுகிறேன். "பிள்ளை பெறாதவளுக்கு உடம்பைப் பத்தி என்ன தெரியும்?" என்றாய். சரியாக எழுதியிருக்கிறேனா? வண்டியில் மெட்ராஸ் வரும் வரைக்கும், அங்கே மாறி இங்கே வரும் வரைக்கும் அதைத்தான் மென்றுகொண்டு வந்தேன். இந்த ஊர்ப் பெண்கள் சீமந்தத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விடுவார்கள். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. உன் வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை.

காகிதத்தை ஒளித்தது நான்தான். ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அம்மா எப்படிச் செத்தாள் என்று உனக்குத் தெரியாது. உனக்குப் பதினொரு வயது. பள்ளுருத்தியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தோம். ஜுரம் என்று சொல்லி வைத்தோம். ஜுரம் இல்லை, உனக்கு வந்த அதேதான். அம்மாவுக்கு மார்பில் புண். ரவிக்கைக்கு உள்ளே துணி மடித்து வைத்துக்கொண்டு, யாருக்கும் வாடை வரக்கூடாதென்று கொல்லைப் பக்கமாகவே நடமாடினாள். கிணற்றில் இறைத்தாள், ஆட்டுக்கல்லில் அரைத்தாள், அப்பாவின் ஆபீஸ் வேஷ்டியைத் தோய்த்தாள். "கொஞ்சம் படுத்துக்கோயேன்" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது, கண் இருந்தது, சொல்லவில்லை. ஆட்டுக்கல்லின் மேலேயே சாய்ந்தாள். நான்தான் அவள் கையிலிருந்த மாவைக் கழுவினேன். அதற்கப்புறம் அஞ்சு நாள்.

டாக்டர் அம்மாள் கொடுத்த காகிதத்தில் முதல் வரி என்ன தெரியுமா? படுத்தே இருக்காதே, வீட்டு வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய் என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தியை வேலை செய்யவைத்துக் கொன்றாயிற்று, இன்னொருத்தியையுமா என்று நினைத்தேன். மடித்து வைத்தேன். கமலு ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்று பகவான் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

டாக்டர் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சீதாலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
20-8-1977

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். முப்பத்துமூன்று வருஷம் இதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாயே, பாவி. ஜுரம் என்றுதான் நான் என் பெண்ணுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்ன சொல் தப்பு. அது பொய்யும்கூட. என் உடம்பைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் தெரியும். காலில் விழ வேண்டும். நாக்பூர் தூரமாக இருப்பதால் காகிதத்தில் விழுகிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

காகிதத்தில் சொன்னதைச் சித்திரை கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். நான் கெட்டுக் கொல்லைச் சுவருக்கு வந்திருக்கிறேன். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து மேலே ஏற்ற வேண்டும். வலி தாங்காத இடத்தில் நிறுத்தினால் ஆனந்தம் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். எங்கே தாண்டுகிறது? அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கயிறு விறைத்து இழுக்கிறது. பல்லைக் கடித்தால் ஒரு விரல் கனம் ஏறும், அடுத்த நாள் அதுவும் இறங்கும். பக்கத்து வீட்டு ரத்னா பாயி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அம்மாளுக்கு எந்து பற்றி, பல்லியாயோ?" என்று ஆனந்தத்திடம் கேட்டாளாம். இவர் வேறு, "போறும் கமலு, உயிர் இருக்கே அது போறும். கை உசந்து என்ன ஆகணும்?" என்கிறார். நல்லவர்தான். ஆனால் அந்த நல்ல வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கை இன்னும் கீழே தொங்குகிறது.

நடக்கவும் சொல்லியிருக்கிறாள். வெறும் கையோடு தெருவில் நடந்தால் எங்கே, எதற்கு என்று நாலு பேர் கேட்கிறார்கள். அதனால் எண்ணெய்த் தூக்கை எடுத்துக்கொண்டு போகிறேன். காலித் தூக்கோடு போய்க் காலித் தூக்கோடு வருகிறேன். மிளகு கிட்டங்கி வாசலில் புடைக்கிற பெண்கள், "அம்மாள் இந்நும் எண்ண கிட்டியில்லே?" என்று சிரிக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் அக்கா, பத்து நாளாக எதுவும் செய்யவில்லை. கோடு ஜூலை மாதம் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரு கையால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கமலு


நாக்பூர்
15-9-1977

கமலு,

மன்னித்தேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். இனி இந்தப் பேச்சு நமக்குள் வேண்டாம்.

நீ விட்டுவிடலாம் என்கிறாய். விடாதே. எனக்கு அந்தக் காகிதத்தில் இருந்ததெல்லாம் வேண்டும். நான் அன்றைக்குக் கோபத்தில் படித்தேன், மனசில் தங்கவில்லை. எந்த விரல் முதலில், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, மூச்சை அடக்கலாமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஒன்று விடாமல் எழுது.

ஏன் என்று கேட்பாய். பதறாமல் படி. எனக்கு இடது பக்கம் ஒரு கட்டி. அத்திம்பேர் இங்கே பெரிய டாக்டரிடம் காட்டினார். அடுத்த வாரம் ஆபரேஷன் என்று பேச்சு.

அழாதே. புறப்பட்டு வராதே. நீ உன் ஒரு கையை வைத்துக்கொண்டு இங்கே வந்து என்ன செய்வாய், யாரை யார் பார்ப்பது? அத்திம்பேர் ரிட்டையராகி வீட்டில்தான் இருக்கிறார், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

ஒரு பந்தயம் வைத்துக்கொள்ளலாம். இங்கேயும் சுவர் இருக்கிறது. நீ அங்கே கோடு போடு, நான் இங்கே போடுகிறேன். யார் முதலில் தலைக்கு மேலே போகிறார்கள் என்று பார்ப்போம். நான் உன்னைவிட எட்டு வயசு பெரியவள். தோற்றால் உனக்குத்தான் வெட்கம்.

அக்கா


மட்டாஞ்சேரி
28-9-1977

அக்கா, அக்கா,

பதறாமல் படி என்று எழுதினால் பதறாமல் இருந்துவிடுவேனா? இவர் டிக்கெட்டுக்குப் புறப்பட்டே விட்டார். அதற்குள் அத்திம்பேரின் தந்தி: "கமலம் வர வேண்டாம், எல்லாம் நலம்." எல்லாம் நலம் என்றால் ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றுதானே? ரத்தம் கொடுத்தார்களா? தனி ரூமா? எழுந்து உட்கார்ந்தாயா? அம்மாவுக்கு, எனக்கு, உனக்கு. இதென்ன அக்கா, சீதனம் மாதிரி நம்மைத் தேடித் தேடி வருகிறது?

நீ கேட்டதை எழுதுகிறேன். ஆனந்தம் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறாள், நான் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் நாளே விரல்களை மூடித் திற. மணிக்கு ஒரு தடவை. பிறகு முழங்கையை மடக்கி நீட்டு. மூன்றாம் நாள், நாலாம் நாள் எழுந்து வார்டுக்குள்ளேயே நட, யாராவது பிடித்துக்கொள்ளட்டும். தோளை முன்னும் பின்னும் சுழற்று. சீப்பை எடுத்து முன் மயிரை மட்டும் வாரு. தையல் பிரித்ததும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சுவர். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடு விரலும்தான் நடக்கும், மற்றவை கூடப் போகும். மூச்சை அடக்காதே, அடக்கினால் தோள் விறைக்கும். நல்ல கையையும் கூடவே ஏற்று. அது எங்கே போகிறதோ அங்கேதான் இதுவும் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். வலிக்கும் இடத்தில் நின்று பத்து எண்ணு. இடுப்பை வளைத்துக் கள்ளத்தனம் பண்ணாதே. எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது, ஏலியாம்மா டாக்டர் கண்டுபிடித்துவிட்டாள்.

கையைக் கட்டிவைக்கவே கட்டாதே. உனக்கு அந்த ஆசை வரும், எனக்குத் தெரியும்.

நான் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் தோற்பேனா? இந்த வாரம் இரண்டு விரல் கனம் ஏறியிருக்கிறது. கோடு இப்போது மோவாய்க்கு நேரே இருக்கிறது.

கமலு


நாக்பூர்
6-11-1977

கமலு,

உன் மோவாயை நீயே வைத்துக்கொள். நான் காதுக்கு வந்துவிட்டேன்.

அத்திம்பேர்தான் கோடு போடுகிறார். ஜன்னல் மேல்கட்டைக்கு இன்னும் நாலு விரல் பாக்கி. தீபாவளிக்கு முன்னால் தொட்டுவிடுவேன். வலி இருக்கத்தான் இருக்கிறது, சொல்லி என்ன பிரயோஜனம்?

நடக்கிறேன். வாசல் வரைக்கும், பிறகு முனை வேப்பமரம் வரைக்கும். நீ காலித் தூக்கோடு நடப்பதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

எழுத்து கோணலாக இருந்தால் கேலி பண்ணாதே, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். நீ எங்கே வந்தாய் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கார்டு போடு. பொய் எழுதாதே. ஆனந்தத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்.

அக்கா


மட்டாஞ்சேரி
9-1-1978

அக்கா,

ஜயித்தேன். இந்தக் கடிதத்தை நீ நின்றுகொண்டு படிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை மாமியாரின் சிராத்தம். முதல் நாள் சாயங்காலமே ஒன்பது கஜத்தைத் தோய்த்துப் பிழிந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கோலை வலது கையில் எடுத்துக்கொண்டு உயரக் கொடிக்கு நேரே நின்றேன். அக்குள் கயிறு இழுத்தது. இருந்தாலும் உயர்த்தினேன். புடவை கொடியில் விழுந்தது, கமலாக்ஷி கீழே விழவில்லை. மறுநாள் அதை உடுத்திக்கொண்டு முழுச் சமையலும் நானே செய்தேன். இவர் பிண்டம் வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கை உசந்து என்ன ஆகணும் என்று கேட்டவர்தான்.

தலையும் நானே பின்னிக்கொள்கிறேன். கோணல் பின்னல், ஆனால் என் பின்னல். கையில் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. அது இனி போகாதாம், இருக்கட்டும். தோப்பும்படி பாலம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன், தூக்கு இல்லாமல். யார் கேட்டாலும், "நடக்கான் டாக்டர் பறஞ்ஞு" என்று டாக்டர் நடக்கச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். மிளகு கிட்டங்கிப் பெண்களில் ஒருத்தி நேற்று என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தன் மார்பில் ஒன்று தட்டுப்படுகிறது என்றாள். வருகிற திங்கட்கிழமை அவளை போட்டில் ஏற்றி ஏலியாம்மா டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

இதெல்லாம் உன்னால்தான். சத்தியமாகச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் "அக்கா இந்நேரம் சுவரில் ஏறியிருப்பாள்" என்று நினைப்பேன். உடனே போய் நிற்பேன். நீ காது என்றதும் நான் நெற்றி. நீ ஜன்னல் கட்டை என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் உன் கார்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வரி, மூன்று வரி. கடைசி இரண்டில் மேல்விலாசம் அத்திம்பேரின் கையெழுத்து. தலைக்கு மேலே கை போகிறவளுக்கு ஒரு விலாசம் எழுத முடியாதா? எனக்கு மனசு என்னவோ பண்ணுகிறது. நிஜத்தைச் சொல்.

கமலு


நாக்பூர்
2-2-1978

கமலு,

நீ ஜயித்தாய். நான் நிற்கவில்லை, படுத்துக்கொண்டுதான் படித்தேன். இதைச் சொல்லச் சொல்ல அத்திம்பேர் எழுதுகிறார்.

ஆபரேஷன் நடக்கவில்லை. டாக்டர் கத்தியையே எடுக்கவில்லை. முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். வலிக்காக முதுகில் கரண்டு வைத்தார்கள். ஐப்பசியிலிருந்து நான் பாயில்தான். சுவரும் கோடும் வேப்பமரமும் பொய். பாவம் வந்தால் எனக்கு வரட்டும், அத்திம்பேருக்கு வேண்டாம்.

எதற்கு என்று கேட்காதே. உனக்கே தெரியும். சின்ன வயசில் நான் இரண்டு தோசை தின்றால் நீ மூன்று கேட்பாய். நான் ஓர் அடி முன்னால் போனால்தான் நீ எழுந்து வருவாய். கையை முடக்கினது நான். அதைத் திரும்ப எடுத்துக் கொடுக்க எனக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை. அந்தக் காகிதம் இப்போது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அதில் இருந்தது அத்தனையும் சரி. மடித்து வைத்தது தப்பு. இதை நான் வாயால் சொல்லி நீ கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மட்டாஞ்சேரியில் உன் வீட்டில் இருக்கும்போதே எனக்கு இந்தக் கட்டி தட்டுப்பட்டது. ஒரு வீட்டில் ஒருத்தி போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்.

இப்போது வா. வருகிறதானால் சீக்கிரம் வா. ஆனால் நட, உட்கார், கையைத் தூக்கு என்று என்னை வதைக்காதே. எனக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. உனக்கு நான் மூன்று தடவை செய்தேன், நாலாவது தடவையும் தெரியாமல் செய்தேன். படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் விட்டு, சூடாகப் பத்தியம் பிசைந்து வாயில் போட்டு, எழுந்தால் அதட்டி. அதை எனக்கு யாரும் செய்து நான் அறியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத்தானே அதெல்லாம். ஒரு பத்து நாள் எனக்குச் செய்வாயா?

அக்கா

(சௌ. கமலத்துக்கு: அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ராத்திரி பகல் இல்லாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. பாயோடு சேர்த்தே தூக்கிவிடலாம், அவ்வளவுதான் இருக்கிறாள். கல்யாணராமன்.)


மட்டாஞ்சேரி
10-2-1978

அக்கா,

உன்னைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நேரில் வந்து திட்டுகிறேன். நாலு மாதம், அக்கா. நீ காது என்றால் நான் சிரித்தேன். நீ ஜன்னல் என்றால் பொறாமைப்பட்டேன். அந்த நேரத்தில் நீ புரண்டு படுக்க முடியாமல் கிடந்திருக்கிறாய். எனக்கு எப்போதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். கை ஏறுகிற சந்தோஷத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதையும் மன்னித்தேன் என்று ஒரு வரியில் சொல்லிவிடாதே, எனக்குத் தாங்காது.

என் வீட்டில் இருக்கும்போதே தெரியும் என்று எழுதினாயே, அதை நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை. என் புண்ணைத் துடைத்த கை, தன்னுடையதை மூடிக்கொண்டு துடைத்திருக்கிறது. நானோ உன்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன்.

நீ கேட்டது அத்தனையும் செய்வேன். பத்து நாள் என்று ஏன் கணக்கு வைக்கிறாய்? தாய்வீட்டில் தொண்ணூறு நாள் என்பார்கள். நமக்குத் தாய்வீடு இல்லாததால் நான் வருகிறேன். உனக்கு ஒரு காகிதமும் கொண்டுவர மாட்டேன். சுவர் பக்கம் உன் முகத்தைத் திருப்பவும் மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் வண்டி. புதன்கிழமைக்குள் வந்துவிடுவேன். இவர் மெட்ராஸ் வரைக்கும் கூட வருகிறார், ஆனந்தம் வீட்டைப் பார்த்துக்கொள்வாள்.

இன்று காலை போட்டில் போய் ஏலியாம்மா டாக்டரைப் பார்த்தேன். இந்தக் கையில் பாரம் ஏற்றக் கூடாது, ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்கக் கூடாது என்பது அவளுடைய கட்டளை, வீக்கம் ஏறிவிடுமாம். அதனால் கேட்டேன். என் அக்காவைப் புரட்ட வேண்டும், தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும், இந்தக் கையால் செய்யலாமா என்றேன். எத்தனை கிலோ இருப்பாள் என்று கேட்டாள். அத்திம்பேர் எழுதியிருந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறகு என் கையை மெதுவாகத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்துவிட்டு, "எடுத்தோளூ, கமலாக்ஷியம்மே. தைரியமாயிட்டு எடுத்தோளூ" என்று உன்னைத் தூக்க உத்தரவு கொடுத்தாள்.

நான் வரும் வரைக்கும் நீயாக எழுந்திருக்கப் பார்க்காதே அக்கா. உன்னைத் தூக்க எனக்கு இப்போது இரண்டு கையும் இருக்கிறது.

கமலு